இருமல் விழுந்த வரி

அவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் மனிதர்களைப் பார்க்க மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே நின்று தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். "வாங்க, உட்காருங்க" என்று நாம் சொன்னால் ஒரு விரலைத் தூக்கி நம்மை நிறுத்துவார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். பிறகுதான் வாய் திறப்பார். அதுவும் வணக்கமாக இருக்காது.

"உங்க ஃப்ரிட்ஜ் நாய் மாதிரி உறுமுதே, எப்படி இந்த வீட்ல தூங்கறீங்க?"

என் மனைவி வசந்தாவிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். அந்த ஃப்ரிட்ஜ் அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. அன்றைக்கு முகத்தைத் திருப்பியவள், கடைசி வரை அவரிடம் நல்லபடியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மைசூரில் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம் என்று வீடியோ எடுக்க ஆள் கூப்பிட்டவர்களுக்கு அவரைத் தெரியும். 'சவுண்டுக்காரர்' என்றால் போதும். ஒல்லியான ஆள். ஹெட்போனை வருஷக்கணக்காக மாட்டி மாட்டி, தலைமுடியில் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை ஒரு பள்ளம் விழுந்திருக்கும். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அதனால் அவர் தமிழில் பாதிக்குக் கன்னடம் கலந்திருக்கும். போதும் என்பதை 'சாக்கு' என்பார். கொஞ்சம் என்பதை 'ஸ்வல்ப' என்பார். அப்புறம் என்பதை 'ஆமேலே' என்பார். நாங்கள் தமிழ்நாட்டு எல்லையோரம் மார்டள்ளிப் பக்கத்து ஆட்கள். எங்கள் 'ங்க' போட்ட பேச்சைக் கேட்டால் அவர் முகம் சுளிக்கும். "ஒவ்வொரு வார்த்தைக்கும் வால் வச்சுப் பேசறீங்க. எடிட்டிங்ல வெட்ட முடியல" என்பார்.

அவரிடம் இருந்தது எல்லாரிடமும் இருக்கிற டிஎஸ்எல்ஆர் கேமராதான். அதே கேமரா எங்கள் தெருவில் வேறு ஆட்களிடமும் இருந்தது. அவர்கள் எடுத்தால் படம் பளிச்சென்று இருக்கும்; பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும். இவர் எடுத்தால், பேசுகிறவர் நம் தோளில் கை போட்டுக்கொண்டு பேசுவதுபோல் இருக்கும்.

"கேமராவுக்குக் கண்ணு வச்சவன் காது வைக்கலை. ஒரு ஓட்டையைப் போட்டு அதுக்கு மைக்குன்னு பேர் வச்சுட்டான்" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

நாம் பேச்சை நிறுத்தினால் கேமரா தானாகவே சத்தத்தைக் கூட்டிக்கொள்ளுமாம். ஃபேன் காற்று, தெரு இரைச்சல், லென்ஸ் திரும்புகிற கிறீச் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்துவிடுமாம். அதனால் சத்தத்துக்கென்று தனியாக ஒரு சின்ன ரெக்கார்டர் வைத்திருந்தார். பேசுகிறவரின் நெஞ்சில், வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, காலர் மைக்கைக் குத்துவார். ஆரம்பிக்கும் முன் கேமராவுக்கு எதிரில் ஒரு தடவை கை தட்ட வேண்டும். கேமராவில் இருக்கிற படத்தையும் ரெக்கார்டரில் இருக்கிற சத்தத்தையும் பிறகு கம்ப்யூட்டரில் சேர்த்து ஒட்டுவதற்கு அந்தத் தட்டுதான் அடையாளம். எவ்வளவு பெரிய மனிதரானாலும் அவர் முன்னால் கை தட்டித்தான் ஆக வேண்டும்.

இதெல்லாம் தொழில் சுத்தம். அதை நான் குறை சொல்லவில்லை. நான் சொல்ல வருவது வேறு. மனிதர்கள் அவருக்குச் சத்தமாக மட்டும்தான் தெரிந்தார்கள். அந்தச் சத்தத்தில் இருக்கிற குறையை மனதுக்குள் வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியாது.

நஞ்சன்கூட்டில் நான் வேலை பார்க்கும் ஃபேக்டரியில் எங்கள் சூப்பர்வைசர் ரிடையர் ஆனார். நல்ல மனிதர். யாரையும் ஏய் என்று கூப்பிட்டதில்லை. நாங்களெல்லாம் சேர்ந்து பேசி வீடியோ எடுக்க இவரை அழைத்திருந்தோம். சூப்பர்வைசர் நெஞ்சில் மைக்கைக் குத்திக்கொண்டு பேச எழுந்தார். நாலு வார்த்தை பேசியிருப்பார். பின்னாலிருந்து இவர் கையை ஆட்டினார்.

"நில்லுங்க, நில்லுங்க. வாயில என்ன, பல் செட்டா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சூப்பர்வைசரின் சம்சாரம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"ஒவ்வொரு வார்த்தைக்கும் டக்கு டக்குன்னு அடிக்குது. கழட்டிட்டுப் பேசுங்க."

அந்த மனிதர் என்ன செய்வார்? திரும்பி நின்று, கைக்குட்டையில் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி பேசினார். சொல்லெல்லாம் காற்றாகப் போயிற்று. பின்வரிசையில் சிரித்துவிட்டார்கள். இவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இது அதை விட மோசம். பழையபடி மாட்டிக்குங்க" என்றார். அதற்குப் பிறகு சூப்பர்வைசர் "எல்லாருக்கும் நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இவர் ரெக்கார்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "சின்னதா இருந்தாலும் சுத்தமா வந்துச்சு."

சாமி விஷயத்திலும் அப்படித்தான். எங்கள் முருகன் கோயிலில் கிருத்திகைக்கு நாங்கள் பாடுவோம். எனக்குக் கைத்தாளம். தீபாராதனை நேரத்தில் இவர் குருக்களிடம் போய், "மணியை ஆமேலே அடிச்சுக்கலாம் சாமி. பாட்டு மேல விழுது. பிறகு தனியா எடுத்து ஒட்டிக்கறேன்" என்றார்.

குருக்கள் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். "தீபாராதனைக்கு மணி அடிக்காம எப்படிப்பா? சாமிக்குக் கேட்க வேண்டாமா?"

"சாமிக்கு எடிட்டிங்ல கேட்கும்."

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். முருகன் பொறுமைசாலி, அவரை ஒன்றும் செய்யவில்லை. அதே சூட்டில் இவர் என் பக்கம் திரும்பி, "உங்க தாளம் சில்லறைக் காசைக் கீழே கொட்டற மாதிரி இருக்கு. நீங்க சும்மா கையை ஆட்டுங்க, போதும்" என்றார். அந்த வீடியோவில் நான் தாளம் போடுவது தெரியும், கேட்காது.

இத்தனைக்குப் பிறகும் அவரையே ஏன் கூப்பிட்டோம் என்றால், என் மாமாவால்தான். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். சாமராஜநகர் பக்கம் கல் அறுக்கிற பட்டறையில் வெகுகாலம் வேலை பார்த்தவர். சிரிக்காமல் ஒரு வாக்கியம் பேச மாட்டார். அக்காவுக்கும் மாமாவுக்கும் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி யாராவது இழுத்தால், "இந்த ஒருத்தியை வளர்க்கறதுக்கே ஆயுசு பத்தலீங்க" என்று அக்காவைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

எங்கள் சித்தப்பா மகள் கல்யாணத்தில் பெரியவர்கள் ஒவ்வொருவராக மைக்கில் வாழ்த்துச் சொன்னார்கள். மாமா முறை வந்தது. கை தட்டினார், வாயைத் திறந்தார், இவர் ஹெட்போனைக் கையால் அழுத்திக்கொண்டு புருவத்தைச் சுருக்கினார்.

"உங்க நெஞ்சுக்குள்ள யாரோ விசில் அடிக்கறாங்க."

மாமா சிரித்தார். "கல்யாண வீட்ல விசில் அடிக்காம வேற எங்கீங்க அடிக்கறது?"

"சிரிக்காதீங்க, இன்னும் ஜாஸ்தி கேட்குது. இடது பக்கம். வாழ்த்து வேணாம், இறங்குங்க. அடுத்த ஆளு."

மாமா அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டே இறங்கி வந்தார். சில மாதம் கழித்து மூச்சு வாங்க ஆரம்பித்து, ஆஸ்பத்திரிக்குப் போய், படம் எடுத்துப் பார்த்தால், நுரையீரல் முழுக்கக் கல் தூசு. அப்போது மாமா என்னிடம் சொன்னார்: "மாப்ளே, என்ற நோவை மொதல்ல கேட்டவரு அந்தச் சவுண்டுக்காரருதான். அவரு காது சாதாரணக் காது இல்ல. சாமி குடுத்த காது." சபை நடுவில் தன்னை இறக்கிவிட்டவரை மாமா அப்படி மதித்தார். உயிரைப் பிடித்து வைக்க வழி தேடுகிறவனுக்கு எது எதிலோ நம்பிக்கை வரும்.

வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில், தண்ணீர் மோட்டார் மாதிரி ஓயாமல் ஓடும். மூக்கில் குழாய். குளிக்க, சாப்பிடக் கொஞ்ச நேரம் அணைத்துக்கொள்ளலாம். மற்றபடி கழற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அக்கா முருகனிடம் ஒரு வேண்டுதல் வைத்தாள். அவளே கட்டிய ஒரு பாட்டு உண்டு. அதைத் தன் வீட்டு விளக்குக்கு முன்னால் விரதமிருந்து பாடி, வீடியோவாக எடுத்து, தைப்பூசத்தன்று கோயிலில் அபிஷேக நேரத்தில் ஒலிக்கச் செய்வது. அதற்குப் பதிலாக முருகன் மாமாவை எழுந்து உட்கார வைக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. "நடக்க வைன்னு கூடக் கேக்கலை தம்பி. உட்கார வச்சாப் போதும்" என்றாள்.

"அந்தச் சவுண்டுக்காரரையே கூப்புடு" என்றார் மாமா. "முருகனுக்குப் போறது. பிசிறு இருக்கக் கூடாது."

அவர் வந்தார். வாசற்படியில் நின்றார். தலையைச் சாய்த்தார். நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தோம். வெகுநேரம் கழித்து அவர் முகம் மலர்ந்தது. அப்படி மலர்ந்து அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

"அம்மா, இது அருமையான வீடு. புள்ளைங்க இல்ல பாருங்க. புள்ளைங்க வளர்ந்த வீடுன்னா ஒரு அதிர்வு சுவத்துலயே இருக்கும். இந்த மாதிரி அமைதி காசு குடுத்தாலும் கிடைக்காது."

அக்கா காப்பித் தட்டோடு நின்றிருந்தாள். தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது. "கேட்டியா? இத்தனை வருசத்துல நம்ம வீட்டுக்கு ஒரு பேரு கெடச்சுது."

"ஆனா அந்த மெஷின் ஓடக் கூடாது" என்றார் அவர்.

உள் அறைக்குக் கதவு கிடையாது, ஒரு திரைதான். அவர் கம்பளியைத் தொங்கவிட்டுப் பார்த்தார். மெத்தையை நிமிர்த்தி வைத்துப் பார்த்தார். ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கம்ப்யூட்டர்ல அந்தச் சத்தத்தை எடுத்துட முடியாதுங்களா?" என்று கேட்டேன்.

"எடுக்கலாம். எடுத்தா அவங்க குரலோட தோலும் சேர்ந்து உரிஞ்சு வரும். தகரத்துல பாடற மாதிரி இருக்கும். பரவாயில்லையா?"

"வேண்டாங்க" என்றாள் அக்கா. "மெஷின் ஓடட்டும். சத்தத்தோடயே பாடறேன். முருகனுக்குத் தெரியாததா?"

"முருகனுக்குத் தெரியும். கேக்கறவங்களுக்கு மாவு மில்லுன்னு தோணும்."

"நானே அணைக்கறேனுங்க" என்றார் மாமா. சுவிட்ச் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. "ஒரு பாட்டு நேரந்தானே. மூச்சே விடாம வேணும்னாலும் இருந்துக்கறேன்."

"மூச்சு விடலாம். இருமக் கூடாது."

அப்படித்தான் ஆரம்பித்தது. மாமா சுவிட்சை அணைத்தார். முதலில் சவுண்டுக்காரர் எங்களைச் சும்மா நிற்கச் சொல்லி வெறும் வீட்டை மட்டும் பதிவு செய்தார். வரிக்கு வரி ஒட்டுப் போடும்போது நடுவில் வைக்க அந்த வீட்டின் அமைதி வேண்டுமாம். பிறகு அக்கா கை தட்டினாள். பாடினாள்.

பாதியில் நிறுத்தினார். கண்ணாடி வளையல். அக்கா கழற்றி விளக்குக்கு முன்னால் வைத்தாள். மாமா மெஷினைப் போட்டு இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி அணைத்தார். கை தட்டு. தெருவில் ஆட்டோ போயிற்று. நிறுத்தம். கை தட்டு. அக்காவின் குரல் தழுதழுத்தது.

"அழாதீங்க அம்மா. அழுதா மூக்குச் சத்தம் மைக்ல வருது. பாட்டு முடிஞ்சு அழலாம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினாள். இரண்டு வரிகூடத் தாண்டவில்லை. அவர் ஹெட்போனைக் கழற்றினார்.

"வயித்துல என்ன அது, உருளுது? காலையிலேர்ந்து சாப்பிடலையா?"

"விரதங்க."

"விரதம் மைக்ல கேட்குது. ஏதாவது ஸ்வல்ப உள்ள போடுங்க."

வசந்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சாமிக்கு இருக்கிற விரதத்தை உங்க மைக்குக்காக விடச் சொல்றீங்களா?" என்றாள்.

"நான் விடச் சொல்லலை. வயித்தை வாய் மூடச் சொல்றேன்."

பால் குடித்தால் விரதம் கெடாது என்று மாமா உள்ளேயிருந்து தீர்ப்புச் சொன்னார். அக்கா பால் குடித்தாள். உள்ளே எட்டிப் பார்த்தேன். மாமா கட்டில் கம்பியை ஒரு கையால் பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அக்கா கை தட்டும் சத்தம் கேட்டதும் துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார்.

அந்தத் தடவை அக்கா பாடினது மாதிரி அவள் அதற்கு முன்னால் பாடினதில்லை. நான் கோயில் கோயிலாகப் பாட்டுக் கேட்டவன். அன்று எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. சவுண்டுக்காரர் கண்ணை மூடியிருந்தார். சன்னதியில் நிற்கிறவர்களுக்குத்தான் அந்த முகம் வரும். 'வாசல் வந்து நிக்கிறேன், வாய் திறந்து பேசு முருகா' என்ற வரிக்கு வந்தாள். உள்ளேயிருந்து ஒரு இருமல். துணிக்குள் அடக்கிய இருமல்தான், சின்னது. அக்கா நிறுத்தவில்லை. கடைசி வரி வரைக்கும் பாடி முடித்துக் கையைக் கூப்பினாள்.

அவர் கண்ணைத் திறந்தார். "போச்சு."

"ஒரு தடவைதானுங்களே" என்றேன்.

"தங்கம் மாதிரி வந்த டேக்கு. அந்த ஒரு வரியில வந்து துப்பி வச்சுட்டாரு. இன்னொண்ணு போகலாம்."

"போலாம், போலாம்" என்று மாமாவின் குரல் வந்தது. குரல் என்று சொல்ல முடியாது, காற்று. வசந்தா திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். மாமாவின் உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. அவள் மெஷினைப் போட்டுவிட்டு, சுவிட்சுக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள்.

"யாராவது இதைத் தொட்டீங்கன்னா அந்தக் கேமராவைத் தூக்கித் தெருவுல போட்டுடுவேன்."

"போடறதுக்கு முன்னாடி சொல்லுங்க, ரெக்கார்டரைத் தனியா எடுத்துக்கறேன்" என்றார் அவர். கிண்டல் இல்லை. நிஜமாகவே சொன்னார். வயரைச் சுருட்ட ஆரம்பித்தார். "சாக்கு. அந்த ஒரு வரியை இன்னொரு நாள் வந்து எடுத்து ஒட்டிடறேன்."

அந்த இன்னொரு நாளுக்குள் மாமா போய்விட்டார். தைப்பூசம் இன்னும் வந்திருக்கவில்லை. மெஷினை அணைத்ததால் போனார் என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. தூசு அவர் உள்ளே பல வருஷமாக இருந்தது. அவரவர் மூச்சை எண்ணி வைத்திருப்பவன் ஒருவன் இருக்கிறான். நமக்கு அந்தக் கணக்கு தெரியாது.

சாவுக்கு அவரும் வந்தார். மாலை போடவில்லை. ஓரமாக நின்று சேகண்டி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "நல்ல வெண்கலம்" என்றார். எனக்கு அடிக்கக் கை வந்தது. அவர் முகத்தில் கேலி எதுவும் இல்லை. துக்க வீட்டில் அவர் காதில் விழுந்தது அதுதான், அதைச் சொன்னார்.

கருமாதி முடிந்த வாரத்தில் மறுபடி அக்கா வீட்டு வாசற்படியில் வந்து நின்றார். தோளில் பை. வசந்தா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"அந்த ஒரு வரி பாக்கி இருக்கு" என்றார். "இப்ப மெஷினும் இல்ல, இருமலும் இல்ல. சட்டுனு முடிஞ்சுடும்."

"நீங்க மனுசன்தானுங்களா?" என்றாள் வசந்தா.

அவர் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அக்காவே வந்துவிட்டாள். "விடு வசந்தா. குடுக்கறேன்னு சொன்னேன், குடுத்துடறேன். அவன் எனக்குக் குடுத்தானா இல்லையாங்கறது அவன் பாடு." முருகனைத்தான் சொன்னாள்.

விளக்கை ஏற்றினாள். பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். அந்த ஒரு வரியைப் பாடினாள். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அவர் மடியில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து, பழைய பாட்டுக்குள் அந்த வரியை நுழைத்து, ஹெட்போனில் கேட்டார். மறுபடி கேட்டார். தலையை ஆட்டினார்.

"ஒட்டலை."

"ஏனுங்க, சுருதி மாறிடுச்சா?" என்றாள் அக்கா.

"சுருதி சரி. வீடு மாறிடுச்சு." ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டார். "அன்னைக்கு எடுத்த அமைதி வேற, இது வேற. அன்னைக்கு உள்ளே ஒரு ஆள் இருந்தாரு. மூச்சை அடக்கிட்டு இருந்தாலும் ஆள் இருந்தா அந்த அமைதிக்கு ஒரு கனம் இருக்கும். இப்ப அந்த ரூம் காலி. வரி தனியா தொங்குது."

அக்கா உள் அறைத் திரைச்சீலையைப் பார்த்தாள். கட்டிலை அப்போதே பிரித்து எடுத்திருந்தோம்.

"அப்ப என்ன பண்றதுங்க?"

"ரெண்டு வழிதான். இருமலோட அப்படியே விடணும், அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். இல்லேன்னா முழுப் பாட்டையும் இந்த அமைதியிலயே திரும்பப் பாடணும். படம் பழசே இருக்கட்டும். அதுல பொட்டு, பூ எல்லாம் இருக்கு. இப்ப எடுத்தா கேக்கறவங்க பாட்டைக் கேக்க மாட்டாங்க, நெத்தியைத்தான் பார்ப்பாங்க. பழைய உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பாடுங்க. சத்தம் மட்டும் புதுசு."

நான் எழுந்தேன். "வேண்டாம் அக்கா. இருக்கறதை வாங்கிக்கலாம்."

அக்கா கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள். அவள் முன்னால் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தார். திரையில் அவளே, வெறுங்கையோடு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு, வாயைத் திறந்து திறந்து மூடினாள். சத்தத்தை அணைத்திருந்தார். அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே அக்கா முழுப் பாட்டையும் பாடினாள். இந்த முறை ஆட்டோ வரவில்லை. மூக்கை உறிஞ்சவில்லை. எதுவும் குறுக்கே வரவில்லை. ஒரே தடவையில் முடிந்தது.

"சுத்தம்" என்றார் அவர். "ஒரு தூசு இல்ல." அவர் வாயிலிருந்து நான் கேட்ட பெரிய பாராட்டு அதுதான். கண்கூடக் கலங்கியிருந்தது என்று நினைக்கிறேன்.

அவர் பையைக் கட்டும்போது அக்கா கேட்டாள். "அந்தப் பழைய பாட்டு, அன்னைக்குப் பாடினது, அதை என் போன்ல ஏத்திக் குடுப்பீங்களா?"

"அதை இப்பதான் அழிச்சேன்."

"அதுல அவரு இருமினது இருக்குமுங்களே."

"அதுக்குத்தானேம்மா அழிச்சேன்" என்றார், வயரைச் சுருட்டிக்கொண்டே.

இப்போது அவர் மைசூரில் இல்லை. பெங்களூருக்குப் போய்விட்டார் என்று கேள்வி. வசந்தா அவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவாள். நான் கோயிலில் யாருக்காக வேண்டிக்கொள்ளும்போதும் அவரையும் சேர்த்துக்கொள்ள முயற்சி செய்கிறேன். சில நாள் முடிகிறது.

தைப்பூசத்துக்குத் தைப்பூசம் அபிஷேக நேரத்தில் அக்காவின் பாட்டைக் கோயிலில் பெரிய டிவியில் போடுகிறார்கள். கூட்டம் அப்படியே அடங்கிவிடும். எவ்வளவு தெளிவு, பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது மாதிரியே இருக்கிறது என்று புதிதாக வருகிறவர்கள் சொல்வார்கள். அவருக்குச் சத்தத்தில் இருந்த கண்டிப்பு படத்தில் இல்லை. 'வாய் திறந்து பேசு முருகா' என்ற இடத்தில், படத்தில் இருக்கிற அக்கா பாடிக்கொண்டே ஒரு நொடி திடுக்கிட்டு உள் அறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். எதற்குப் பார்க்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. அங்கே ஒரு சத்தமும் இல்லை.